உதிரிபாகம் நின்றுபோன பிறகு

ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரியின் உற்பத்தி 1996இல் நின்றது. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1959இல் அங்குள்ள பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் தொடங்கி, 1969இல் தனியாக அமைந்த வாகனத் தொழிற்சாலைக்கு மாறி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்திய ராணுவத்தின் சுமையைத் தூக்கிய வண்டி அது. அதே தொழிற்சாலையில் நிஸான் உரிமத்தில் தயாரான ஜோங்காவும் 1999இல் முடிவுக்கு வந்தது. கிரிக்கெட் வீரர் எம்.எஸ். தோனி 2019இல் ஒரு ஜோங்காவை வாங்கியபோதுதான் இளைய தலைமுறை அந்தப் பெயரையே கேள்விப்பட்டது. ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வரும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன்னாள் ராணுவ வண்டிகளைப் பதிவுசெய்வதற்கென்றே தனி வழி உண்டு. ராணுவ அதிகாரிகள் தரும் படிவம் 21 விற்பனைச் சான்று கையில் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எண் வாங்கலாம். ஆகவே சொந்தக்காரர் ஆவதில் பெரிய தடை இல்லை. வண்டி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த மறுநாள்தான் சிக்கல் தொடங்குகிறது. தயாரித்தவர்கள் உதிரிபாகம் தருவதை நிறுத்திவிட்ட ஒரு இயந்திரத்தை இன்னும் இருபது ஆண்டுகள் எப்படி ஓட்டுவது? பலரும் இதைப் பணத்தின் கேள்வியாகவோ, பழைய இரும்புக் கடைகளில் தேடித் திரியும் பொறுமையின் கேள்வியாகவோ பார்க்கிறார்கள். அடிப்படையில் இது உலோகவியலும் வேதியியலும் சேர்ந்த கேள்வி. திருப்பூர், கோவை வட்டாரத்தில் இருப்பவருக்கு இந்தக் கேள்விக்குப் பாதி விடை அடுத்த தெருவிலேயே கிடைக்கும். மீதிப் பாதியில்தான் வண்டிகள் சாகின்றன.

ராணுவ வண்டி என்றால் பழுதாகாத வண்டி என்று ஒரு நம்பிக்கை உண்டு. போர்க்களத்துக்கு வடிவமைத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. வண்டி பழுதாகும், குண்டடி படும், சேற்றில் புதையும் என்று எடுத்துக்கொண்டே வரைந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வெகுதொலைவில், கூடாரத்துக்கு அடியில், சாதாரணச் சாவிகளோடு ஒரு மெக்கானிக் அதை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்பதே அவர்களது கணக்கு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரி ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது. அதன் வெற்றிக்கு எஞ்சின் வலிமையைவிட, ஒரு வண்டியின் பாகம் பெரும்பாலும் இன்னொன்றுக்கும் பொருந்தும் என்ற ஏற்பாடே பெரிய காரணம். சக்திமானும் ஜோங்காவும் அதே சிந்தனை மரபில் வந்தவை. கணினிக் கட்டுப்பாடு இல்லை, ஒட்டிமூடிய பாகங்கள் இல்லை. போல்ட்டைக் கழற்றினால் பாகம் கையோடு வரும். பேரிங்குகள் பெரும்பாலும் உலகப் பொது அளவில் அமைந்தவை. 6308 என்று எண் பொறித்த பேரிங் எந்த நாட்டில் செய்திருந்தாலும் உள்விட்டம் 40 மி.மீ., வெளிவிட்டம் 90 மி.மீ., அகலம் 23 மி.மீ.தான். அது ராணுவ வண்டிக்கும் வரும், தண்ணீர் மோட்டாருக்கும் வரும், பனியன் துணி பின்னும் இயந்திரத்துக்கும் வரும். இப்படிப் பொது அளவில் அடங்கும் பாகங்களைப் பொறுத்தவரை, உற்பத்தி நின்றதால் எதுவும் குறைந்துவிடவில்லை.

பொது அளவில் அடங்காத பாகங்களுக்கு லேத் பட்டறை வேண்டும். கொங்கு வட்டாரத்தின் பலம் இங்கேதான். கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரிபாகம் கடல்தாண்டி வரும்வரை காத்திருக்க முடியாததால் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் அவற்றைச் சுற்றி முளைத்தன. பம்ப் மோட்டார் தொழிலும் நெசவு இயந்திரத் தொழிலும் அந்த வேரில் வந்தவையே. திருப்பூர் தன் பங்குக்கு இன்னொரு பாடத்தைச் சேர்த்தது. இங்குள்ள நிட்டிங் கூடங்களுக்கு வட்டப் பின்னல் இயந்திரங்கள் பலவும் வெளிநாட்டில் ஓடிக் களைத்த பிறகே கப்பலேறி வந்தன. தயாரித்த நிறுவனம் மறந்துபோன மாடலைத் தினம் மூன்று ஷிஃப்ட் ஓட்டுவது இங்குள்ள பிட்டர்களுக்கு அன்றாட வேலை. பல்சக்கரம் தேய்ந்தால் வெட்டிக்கொள்கிறார்கள், தண்டு வளைந்தால் நிமிர்த்திக்கொள்கிறார்கள், தேய்ந்த இடத்தில் புஷ் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே பிட்டர் ஒரு பொருளை மட்டும் லேத்தில் செய்ய முனைவதே இல்லை. அது பின்னல் ஊசி. ஊசி தேய்ந்தால் பெயர்பெற்ற கம்பெனியின் புது ஊசியை வாங்கி மொத்த செட்டையும் மாற்றுகிறார். ஊசியின் வடிவத்தைப் பார்த்துச் செய்துவிடலாம். அதன் கொக்கி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை வளைந்தும் முறியாமல் இருக்கும் குணம் எஃகின் கலவையிலும், அதைச் சூடாக்கிக் குளிர்வித்த முறையிலும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. வெர்னியர் அளவுகோலிலும் விழாது.

ராணுவ லாரிக்கும் இதே எல்லைக்கோடுதான் என்பது என் வாதம். ஒரு பாகத்தின் வேலை அதன் வடிவத்தில் இருக்கிறதென்றால், உற்பத்தி நின்றது ஒரு பொருட்டே அல்ல. வேலை அந்தப் பொருளின் உள்ளே இருக்கிறதென்றால், அச்சு அசலான நகல்கூட ஏமாற்றும். பழைய வண்டியைப் பராமரிப்பதில் பெரிய திறமை, எந்தப் பாகம் எந்தப் பக்கம் என்று பிரித்தறிவதே.

கிராங்க் தண்டை எடுத்துக்கொள்வோம். கோவையில் கிராங்க் கிரைண்டிங் தெரியாத வட்டாரம் இல்லை. தேய்ந்து முட்டைவடிவமான கழுத்தை வட்டமாகக் கடைந்து, 0.25 மி.மீ. குறைத்து, அந்த அளவுக்கான அண்டர்சைஸ் பேரிங்கைப் போட்டால் எஞ்சின் மறுபிறவி எடுக்கும். அடுத்த முறை 0.50, பிறகு 0.75. இது முழுக்க வடிவத்தின் வேலை என்று தோன்றும். ஆனால் சில கிராங்குகளின் கழுத்துகள் மேற்பரப்பில் மட்டும் கடினப்படுத்தப்பட்டவை. மின்தூண்டல் முறையில் செய்திருந்தால் கடின அடுக்கு சில மில்லிமீட்டர் ஆழம் போகும், அங்கே பயமில்லை. நைட்ரஜன் ஊட்டிச் செய்ததென்றால் அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். அதைக் கடைந்து எடுத்துவிட்டால் அளவு துல்லியமாக இருக்கும், பளபளப்பாகவும் இருக்கும், ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங்கோடு கழுத்தும் தேய்ந்துவிடும். பழி பேரிங் மீதோ ஆயில் மீதோ விழும். கிரைண்டிங்குக்கு முன்னும் பின்னும் கடினத்தை அளந்து பார்க்கச் சில நிமிடமே ஆகும். பட்டறைக்காரர் தானாக அதைச் செய்வது அரிது. வண்டிக்காரர்தான் கேட்க வேண்டும்.

கியர் இன்னும் தெளிவான உதாரணம். விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில், ஜோங்காவில் ஒரு பல் உடைந்தால், பழைய கியரை மாதிரியாகக் கொடுத்து கோவையில் புதிதாக வெட்டி வாங்கலாம். கேள்வி, எந்த எஃகில் வெட்டுவது என்பது. பட்டறையில் எப்போதும் கைவசம் இருப்பது இ.என்.8 கம்பி. அதில் வெட்டிய கியர் பார்ப்பதற்கு அசலேதான். ஆனால் கியர்ப் பல்லுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்கள் வேண்டும். உராயும் மேற்பரப்பு தேயாமல் இருக்க மிகக் கடினமாக இருக்க வேண்டும். அடி வாங்கும் உட்பகுதி முறியாமல் இருக்க இளகிய தன்மையோடு இருக்க வேண்டும். கடின எஃகு நொறுங்கும், இளகிய எஃகு தேயும். ஒரே பல்லில் இரண்டையும் கொண்டுவர, கரிமம் குறைந்த கலப்பு எஃகில் கியரை வெட்டி, 900 டிகிரி செல்சியஸ் அளவில் கரிமம் நிறைந்த சூழலில் மணிக்கணக்காக வைக்கிறார்கள். மேற்பரப்பில் மட்டும் கரிமம் ஊறி 0.8 சதவீதம் அளவுக்கு உயர்கிறது, உள்ளே 0.2 சதவீதத்திலேயே நிற்கிறது. பிறகு எண்ணெயில் குளிர்வித்தால் தோல் ராக்வெல் அளவில் 60 வாக்கில் கடினமாகிறது, உடல் இளகியே இருக்கிறது. இ.என்.353 போன்ற எஃகும் ஹீட் ட்ரீட்மெண்ட் உலைகளும் கோவையில் உண்டு. கேட்டால் செய்து தருவார்கள். கேட்காமல் வாங்கிய கியரைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பல்லின் ஓரத்தில் புது அரத்தை வைத்து இழுக்க வேண்டும். சரியான கியர் என்றால் அரம் கீச்சென்று வழுக்கும். அரம் பிடித்துத் துகள் உதிர்ந்தால், அதை வண்டிக்குள் விடக்கூடாது.

கியர் ஏன் உடைந்தது என்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல கியரும் உடையும். இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று அதிக தூரம் உருள்கின்றன. மண் பாதையில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். அவிநாசி சாலைத் தாரில் டயர் சறுக்காது. வித்தியாசம் முழுவதும் தண்டிலும் கியரிலும் முறுக்காக ஏறும். நான்கு சக்கர விசையைப் பெருமைக்காகத் தார்ச்சாலையில் போட்டு ஓட்டுபவர் எந்த எஃகைப் போட்டாலும் தப்ப முடியாது.

ரப்பரில் ஏமாற்றம் இன்னும் எளிது. ஆயில் சீலும் பிரேக் கப்பும் இரண்டுமே கறுப்பு வளையங்கள். ஒரே விட்டத்தில் செய்தால் அடையாளம் சொல்ல முடியாது. ஆயில் சீல் செய்யும் நைட்ரைல் ரப்பர் மினரல் எண்ணெயில் வருடக்கணக்காக அசையாமல் இருக்கும். அதே ரப்பரைக் கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் திரவத்தில் வைத்தால் ஊதிவிடும். பிரேக்குக்கு ஏற்ற ஈ.பி.டி.எம். ரப்பர் இதற்கு நேர் எதிர். கிரீஸ் பட்டாலே பருத்துக் குழையும். ஊதிய கப் சிலிண்டருக்குள் இறுகி, பிரேக்கை விட்ட பிறகும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளூரில் அச்சு வைத்து ரப்பர் பாகம் செய்து வாங்குவதில் தவறே இல்லை. பொருத்துவதற்கு முன்னால் ஒரு துண்டை அது வாழப்போகும் திரவத்திலேயே ஒரு வாரம் ஊறப்போட்டு, விட்டத்தை முன்னும் பின்னும் அளக்க வேண்டும், அவ்வளவே. பிரேக் திரவத்துக்கும் வயது உண்டு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டிய டாட் 3 திரவம், 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. கொதித்த இடத்தில் ஆவிக்குமிழி. குமிழி இருக்கும் குழாயில் பெடல் தரையைத் தொடும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இந்த ஈரம் சிலிண்டரைத் துருப்பிடிக்கவும் வைக்கும் என்பதால்தான் அமெரிக்க ராணுவம் 1980களின் தொடக்கத்தில் ஈரம் உறிஞ்சாத சிலிக்கோன் திரவத்துக்கு மாறியது. ஜோங்கா போன்ற பெட்ரோல் வண்டிகளுக்கு இப்போது இன்னொரு சோதனை வந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் கார்க் பேக்கிங்கையும் கெடுக்கும். அவற்றை ஃப்ளூரோ ரப்பருக்கு மாற்றாமல் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் கசிவு நிற்காது.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர். சாயப்பட்டறைகளில் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பும் சோடியம் சல்பேட்டும் ஏராளமாகத் தேவைப்படும். கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்ததால் ஆற்றோரக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் உப்பு ஏறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது போனது. அதன் பிறகு நிலைமை மாறினாலும் நிலத்தடியில் ஏறிய உப்பு சட்டென்று இறங்குவதில்லை. இயல்பாகவே இந்த மண்ணின் தண்ணீர் கடினமானதும்கூட. அப்படிப்பட்ட தண்ணீர் எஞ்சினுக்குள் சூடாகும்போது அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, சுண்ணாம்பாகச் சிலிண்டர் சுவரில் படிகிறது. வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் வேகத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இந்தப் படிவு கடத்தும். அதாவது 1 மி.மீ. சுண்ணாம்பு, சுவரை இன்னும் 25 மி.மீ. கனமாக்கியதற்குச் சமம். வெப்பமானி முள் நடுவில் நிற்கும். உள்ளே லைனர் வெந்துகொண்டிருக்கும். சாயப்பட்டறை பாய்லர் ஆபரேட்டருக்கு இந்தக் கதை மனப்பாடம், அவர் சாஃப்ட்னர் தண்ணீர் இல்லாமல் பாய்லரைத் தொடமாட்டார். அதனால் சாஃப்ட்னர் தண்ணீரையே லாரிக்கும் ஊற்றலாம் என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. குளோரைடு அப்படியே இருக்கும். இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைத்துக் குழி பறிப்பது குளோரைடுதான். பாய்லரில் புளோ டவுன் செய்து உப்பை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். லாரியில் ஊற்றிய தண்ணீர் ஆண்டுக்கணக்கில் அதே சுற்றில் கிடக்கிறது. எனவே வாலை வடிநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து, துருத்தடுப்பு சேர்ந்த கூலண்டைக் கலந்து ஊற்ற வேண்டும். திருப்பூரில் பனி உறையாதே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருத்தடுப்புதான் நமக்கு வேண்டியது. ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தையும் விடக்கூடாது: நிட்டிங் கூடத்தின் ஓரம் நிறுத்தும் வண்டியின் இதழ்களில் பஞ்சுத்தூசி எண்ணெயோடு சேர்ந்து கம்பளிபோல அடைத்துக்கொள்ளும்.

சக்திமான் போன்ற டீசல் வண்டியில் உள்ளூர்த் திறமை முழுதாகக் கைவிரிக்கும் இடம் டீசல் பம்ப். அதன் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையிலான வெளி 2, 3 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்தே ஜோடி சேர்க்கிறார்கள், ஒரு ஜோடியின் பிளஞ்சரை இன்னொன்றில் போட முடியாது. ஆனாலும் நம்பிக்கை உண்டு. பழைய வரிசைப் பம்புகளின் எலிமெண்ட்டுகளும் நாசில்களும் பல எஞ்சின்களுக்குப் பொதுவானவை. டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் எண்ணைச் சொல்லித் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம். செய்ய முடியாததைச் செய்ய முனையாமல், வாங்க முடிகிற இடத்தில் வாங்குவது இங்கே புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் கேட்கும் ஒரு நடைமுறைவாதி, இவ்வளவு பாடு எதற்கு, அசோக் லேலண்ட் எஞ்சினையோ டிராக்டர் எஞ்சினையோ தூக்கி உள்ளே வைத்துவிட்டால் முடிந்தது என்பார். ஜோங்காவுக்கு இப்படி டீசல் எஞ்சின் பொருத்துவது நாடு முழுவதும் பரவலாக நடந்திருக்கிறது. டீசல் விலையும் அதற்குக் காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. மெதுவாகச் சுழன்று அதிக முறுக்குவிசை தரும் டீசல் எஞ்சினை, வேகமாகச் சுழலும் பெட்ரோல் எஞ்சினுக்காகச் செய்த கியர்பாக்ஸோடு இணைத்தால், சுமை கியர்ப் பற்களுக்கு மாறுகிறது. எஞ்சினில் தீர்த்த சிக்கல், உதிரி கிடைக்காத இன்னொரு பாகத்தில் முளைக்கிறது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிப்படுத்தியது. இந்த விஷயத்தில் ராணுவத்தின் அடுத்த தலைமுறை வண்டியான ஸ்டாலியனை வாங்குபவருக்குக் கவலை குறைவு. அது அசோக் லேலண்டின் வண்டி என்பதால், சாலையில் ஓடும் லாரிகளின் உதிரிபாகங்களோடு அதற்கு உறவு உண்டு.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. வாகனப் புகைக்கு இந்தியாவில் விதிகளே 1980களின் இறுதியில்தான் வந்தன. சக்திமானின் வடிவமைப்பு அதற்கு முப்பது ஆண்டு முந்தையது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 லாரியோடு ஒப்பிட்டால் அதன் புகை எந்த நியாயத்துக்கும் அடங்காது. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசு ரத்து செய்தபோது, பாதுகாப்புப் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த முடிவின் நியாயத்தை நான் ஏற்கிறேன். பழைய ராணுவ லாரியில் தினமும் நூல் மூட்டை ஏற்றுவதை ஆதரித்து ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. ஆனால் மாதம் ஒருமுறை தோட்டத்துக்கும் கண்காட்சிக்கும் போய்வரும் வண்டியின் கணக்கு வேறு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தின் புகை சிறியது. அந்த ஓட்டத்திலும் நாசில் அழுத்தம், டைமிங், ஏர் ஃபில்டர் மூன்றும் சரியாக இருந்தால் கரும்புகை பெரிதும் அடங்கும். கரும்புகை என்பது எரியாமல் போன டீசலின் கரிமம். அது ஒழுங்காகப் பராமரிக்காததன் அடையாளமும்கூட.

எஞ்சியிருக்கும் ஒரு வேலைக்குக் காலக்கெடு உண்டு. தேய்ந்த பாகத்தை மாதிரியாகக் கொடுத்தால் பட்டறை தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுக்கும். 0.3 மி.மீ. தேய்ந்த புஷ்ஷின் உள்விட்டம் புது புஷ்ஷிலும் 0.3 மி.மீ. கூடுதலாகவே வரும், அதன் நகலில் அது இன்னும் கூடும். அசல் அளவு வரைபடத்தில் இருந்திருக்கும், வரைபடமோ ஜபல்பூர் தொழிற்சாலையில். அந்தத் தொழிற்சாலை 2021 அக்டோபரிலிருந்து ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. சொந்தக்காரர்கள் கையில் இருப்பது, அலமாரியில் கிடக்கும் ஒன்றிரண்டு பயன்படுத்தாத அசல் பாகங்களும் இன்னும் தேயாத சில வண்டிகளும். அவற்றை மைக்ரோமீட்டரால் அளந்து, கடினத்தைச் சோதித்து, ஒரு துண்டைக் கலவை ஆய்வுக்குக் கொடுத்து, எண்ணும் தேதியும் போட்டு எழுதிவைக்கும் வசதி கோவை, திருப்பூர் பொறியியல் கல்லூரிகளிலும் சோதனைக் கூடங்களிலும் இருக்கிறது. பாகம் ஒன்றுக்கு இரண்டு பக்கம் போதும்: ஒரு பக்கத்தில் வடிவம், மறுபக்கத்தில் எஃகின் பெயர், கடினம், எந்த ஆழம் வரை. ரப்பர் என்றால் எந்த ரப்பர், எந்தத் திரவத்துக்கு. இதை நல்ல பாகம் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். உடைந்த பிறகு அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது.